இடிபாட்டில் வளரும் செடிகள்

இன்று காலை அடையாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது நொச்சி வாசனை வந்தது. செடியைக் கடந்து போகும்போது லேசாக வருமே, அந்த வாசனை இல்லை. சளி பிடித்தவர்களுக்கு ஆவி பிடிக்க ஒரு கட்டு இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. பஸ் புகை, ஆற்று நாற்றம் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு அடித்தது. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரையில், நீயும் நானும் வரைந்த நடைபாதையை ஒட்டி, சில ஆட்கள் மிஷின் வைத்துச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தரையோடு. வெட்டிய கிளைகள் ஊதாப் பூக்களோடு குவிந்து கிடந்தன.

இறங்கிப் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேஸ்திரி போல நின்றவரிடம், "எதுக்குங்க வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"புதரும்மா," என்றார். "கிளீன் பண்ணச் சொல்லிக்கீறாங்க."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதர் என்றால் மண்டிக் கிடப்பது, மண்டிக் கிடந்தால் அகற்ற வேண்டியது. அந்தச் சொல்லிலேயே கத்தரிக்கோல் இருக்கிறது. நீ அடிக்கடி சொல்வாய்: "ஷ்ரப்புன்னு சொன்னா கிளையண்ட் தலையாட்டுறான். புதர்னு சொன்னா பாம்பு புடிக்கிறவனுக்கு போன் பண்றான்." கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மிஷின் சத்தத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பிறகு ஆபீசுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒரு கோடு போட முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆபீஸ் அதே இடம்தான். மந்தைவெளியில், பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடி அறை. கீழே யாருக்காவது பல் பிடுங்கினால் மேலே நமக்குக் கேட்கும். படிப்பு முடித்த கையோடு இருவரும் சேர்ந்து ஆரம்பித்தோம். எனக்குச் செடிகளின் பெயரும் குணமும் தெரியும். உனக்கு மண்ணும் மட்டமும் தெரியும், தண்ணீர் எங்கே ஓடும் எங்கே தேங்கும் என்று ஒரு பார்வையில் சொல்வாய். ஆற்றங்கரையில் பிறந்தவன் வேறு எதைத் தெரிந்துகொள்வான் என்று அதையும் கேலியாகத்தான் சொல்வாய்.

முதல் சில வருடங்கள் நாம் செய்தது புல்தரைதான். பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் பச்சைக் கம்பளம் விரித்தோம். நடுவில் நாலு பனை மாதிரி ஏதோ ஒன்று, ஓரத்தில் கத்தரித்த வேலி. ஒரு கோடையில் அங்கே தண்ணீர் லாரி வரவில்லை. புல் முழுக்கக் கருகிப்போய்விட்டது என்று கம்பெனி மேனேஜர் நம்மைக் கூப்பிட்டுத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பக்கத்து மனை காலி மனை. ஆள் நடமாட்டம் இல்லை, வேலி இல்லை, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். அங்கே ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. நீ ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாய்.

"லாரி லாரியா ஊத்துனது செத்துப்போச்சு. எவனும் கண்டுக்காதது சிரிச்சுக்கினு கீது பாரு."

அன்றிலிருந்துதான் நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே போய், மிச்சமிருக்கிற முட்காடுகளுக்குள் நுழைவோம். நான் இலையைக் கிள்ளி முகர்ந்து பெயர் எழுதுவேன். நீ டேப் வைத்து ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளப்பாய். எது எதன் நிழலில் நிற்கிறது, எந்த முள் எந்தக் கன்றை ஆட்டிடமிருந்து காப்பாற்றுகிறது என்று மண்ணில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாய். "செடிய வரையாத. செடிக்கு நடுவுல கீற எடத்த வரை," என்பாய். மரத்தை எல்லோரும் நடுகிறார்கள், புல்லை எல்லோரும் போடுகிறார்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உயரத்தில்தான் பாதி உயிர்கள் வாழ்கின்றன என்பது நமக்கு அங்கேதான் புரிந்தது. தேன்சிட்டு, செம்போத்து, கீரி, ஓணான் எல்லாம் நம் இடுப்பு உயரத்து வாசிகள்.

பாலவாக்கத்தில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் கடலோர வீட்டுக்குத் தோட்டம் கேட்டார். புல்தரை வேண்டாம், இதைச் செய்து பார்க்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைக்க நமக்கு நாக்கு வறண்டுவிட்டது. களா, விராலி, நொச்சி, ஆவாரை எல்லாவற்றையும் வரிசையில்லாமல் கூட்டம் கூட்டமாக நட்டோம். உதிர்ந்த இலையைக் கூட்டாதீர்கள் என்று சொன்னதற்கு அவர் வீட்டம்மா நம்மை ஒரு மாதிரி பார்த்தார். மறுவருடம் ஒரு காலையில் அவரே போன் செய்தார். "சார், நம்ம வீட்டுக்கு ஒரு குடும்பம் குடி வந்திருக்கு." களாவின் முட்களுக்கு நடுவே தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. போனை வைத்துவிட்டு நீ ஆபீசில் குதித்த குதியில் கீழே பல் டாக்டர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார்.

அந்த வீட்டைப் பார்த்துத்தான் ஆற்றங்கரை வேலை வந்தது. கரையைச் சீரமைக்கும் வேலையை எடுத்திருந்த ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம், ஒரு பகுதிக்கு மட்டும் நடவுத் திட்டம் போட்டுத் தரச் சொன்னது. இயற்கையாக வளர்ந்த கரை போல இருக்க வேண்டும், புல்தரை கூடாது என்று அவர்களே கேட்டார்கள். இப்படி ஒரு வேலைக்காகத்தான் நாம் அத்தனை வருடம் காத்திருந்தோம். வரைபடம் வந்த அன்று நான் பஜ்ஜி வாங்கி வந்தேன். நீ வரைபடத்தை மேசையில் விரித்தாய். நாலு மூலையிலும் டம்ளரை வைத்தாய். பஜ்ஜியைத் தொடவில்லை.

"என்னடா?" என்றேன்.

ஆற்றின் வளைவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாய். அந்த இடத்தில் 'காலி நிலம்' என்று அச்சடித்திருந்தது.

"இது எங்க தெரு."

எனக்கு அந்தத் தெரு தெரியும். படிக்கிற காலத்தில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டிய சந்து. உன் வீட்டு நீலக் கதவு. உன் அம்மா வேலைக்குப் போன வீடுகளிலிருந்து வந்த களைப்போடு எனக்கு டீ போட்டு, டம்ளரைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் தருவார். உள்ளே பச்சை சிமெண்ட் தரை பளபளவென்று இருக்கும். சீட்டு எடுத்துப் போட்ட தரை என்று அவருக்கு அதில் பெருமை. பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு எட்டாவது மாடி. அம்மாவுக்கு அடையாற்று வீடுகளின் வேலை போயிற்று. பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் யார் வீட்டுப் பாத்திரம் காத்திருக்கும்? நீ தினமும் பைக்கில் வந்து போனாய். அதைப் பற்றி நீ அதிகம் பேசியதில்லை.

"வேணாம்டா. திருப்பி அனுப்பிடலாம்," என்றேன்.

"அனுப்பிட்டா?"

"வேற யாராவது பண்ணிக்கட்டும்."

"பண்ணுவான். அரளி வெப்பான். நடுவுல புல்லு போடுவான். ஒரு யானை பொம்மை வெப்பான். எங்கம்மா சோறாக்குன எடத்துல யானை பொம்மை நிக்கறத நான் பாக்கணுமா?"

அந்த வேலையை எடுத்துக்கொண்டோம். பஜ்ஜி ஆறிப்போயிற்று.

மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது மண் பாதிதான். மீதி செங்கல், காரை, ஓட்டுத் துண்டு, குளியலறை ஓடு. நிறுவனத்தின் எஞ்சினியர் மேலே செம்மண் கொட்டிவிடலாம் என்றார். முதல் மழைக்கே அது ஆற்றுக்குள் போய்விடும், இருக்கிற மண்ணிலேயே வருகிற செடியாகப் பார்க்கலாம் என்று நீ சொன்னாய். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. மோசமான மண், சுண்ணாம்பு, வேருக்கு வழியில்லாத கல், கோடையில் தண்ணீர் கிடையாது. நம்முடைய முட்காட்டுச் செடிகளுக்கு இதெல்லாம் பழக்கம்தான். யோசித்து யோசித்து எழுதி, மேலே தலைப்பாக 'இடிபாட்டில் நன்றாக வளரும் செடிகள்' என்று போட்டு உன்னிடம் நீட்டினேன். நான் ஏதோ செடிகளைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். நீ வாங்கி வெகுநேரம் பார்த்தாய். பிறகு பேனாவை எடுத்து 'நன்றாக' என்பதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நடவு ஆரம்பித்தோம். நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரம், அதன் பின்னால் இடுப்பு உயரம், கடைசியில் ரோட்டுப் பக்கக் கம்பி வேலியை ஒட்டி ஆளை மறைக்கிற உயரம். ரோட்டில் அடிக்கிற ஹாரன் ஆற்றில் நிற்கிற கொக்குக்குக் கேட்கக் கூடாது என்பது உன் கணக்கு. நொச்சியும் விராலியும் அடர்த்தியாக, உள்ளே எதுவும் தெரியாதபடி. அந்த அடர்த்தியை நீ எவ்வளவு ஆசையாக வரைந்தாய்!

குழி தோண்டும்போது கடப்பாரை அடிக்கடி சிமெண்டில் மோதி 'ணங்' என்றது. ஒவ்வொரு முறையும் நீ நிமிர்ந்து பார்ப்பாய். குழி வெட்டிய பெண்களில் ஒருத்தி, "யாரு வூடோ, பாவம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீ கேட்டும் கேட்காதது போல நகர்ந்தாய். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மண்ணுக்கடியில் பச்சைத் தரை வந்தது. நீ குந்தி உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினாய். ஒரு முறத்தளவு தெரிந்தது. அதற்கு மேல் தள்ளவில்லை.

"குழிய ரெண்டடி தள்ளிப் போடலாம்டா," என்றேன்.

"தள்ளிப் போட்டா வரிசை போயிடும்."

"நம்ம தோட்டத்துல ஏதுடா வரிசை?"

நீ சிரித்தாய். அந்த வாரம் முழுவதும் நீ சிரித்தது அந்த ஒரு முறைதான். குழியைத் தள்ளிப் போட்டோம். பச்சைத் தரைமேல் மறுபடி மண்ணைப் போட்டு மூடி, அங்கே எதையும் நடாமல் விட்டோம். சுற்றிலும் செடி, நடுவில் ஒரு வீட்டளவு வெட்டவெளி. எஞ்சினியர் வந்து இது எதற்கு என்று கேட்டார். பட்டாம்பூச்சி வெயில் காய என்று சொன்னாய். அதுவும் உண்மைதான், வந்து காய்ந்தன.

செடிகள் பிடித்துக்கொண்டன. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பின் கரை அடையாளமே மாறிவிட்டது. திறப்பு விழா மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அம்மாவை பைக்கில் அழைத்து வந்தாய். என்னையும் வரச் சொன்னாய். அம்மா நல்ல புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். என் கன்னத்தைத் தடவி, "இளைச்சுட்ட கண்ணு," என்றார். கேட்டில் வயதான காவலாளி ஒருவர் இருந்தார். உன்னையும் என்னையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சார், நீங்க போங்க. மேடமும் போகட்டும். இவங்க வேலை ஆள் இல்லியே."

"எங்கம்மாங்க."

"தெரியுது சார். மேல கேமரா கீது. பார்த்தாங்கன்னா எனக்கு வேலை பூடும்."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. நான் எஞ்சினியருக்கு போன் செய்தேன். "திறப்பு விழா முடியட்டும் மேடம், அப்புறம் யார் வேணா வரலாம்," என்றார். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். நீ கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"வுடு நைனா," என்றார் அம்மா. "வெளியவே நின்னு பாக்கறேன். எங்க போயிடப் போவுது?"

வேலியோரமாக நடந்தோம். உன் தெரு இருந்த இடம் வந்ததும் அம்மா நின்றார். உள்ளே பார்த்தார். நொச்சி, அதன் பின்னால் விராலி, அதன் பின்னால் இன்னொரு நொச்சி. நுனிக்காலில் எழும்பிப் பார்த்தார். குனிந்து அடிவழியாகப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே நைனா."

நீ கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கிளைகளை விலக்கினாய். விலக்கினால் பின்னால் அடுத்த வரிசை. இன்னும் உள்ளே தோள் வரைக்கும் கையை விட்டாய். எப்படி வரைந்தாயோ அப்படியே வளர்ந்திருந்தது, ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. கையை வெளியே இழுத்தபோது முழங்கை உரசிச் சிவந்திருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அப்பல்லாம் புதருன்னா எங்களுக்கு பயம். பொம்பளைங்க விடியறதுக்கு முன்னால போய்ட்டு ஓடியாந்துருவோம். இப்ப கேட்டு போட்டு காவல் காக்குறாங்க." கொஞ்சம் விட்டு, "நல்லாதான் வெச்சுக்கீற," என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. மகன் செய்த வேலையைப் பாராட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு டீக்கடையில் அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, என் பக்கம் திரும்பாமல் நீ சொன்னாய்: "நாம இத எடுத்திருக்கவே கூடாது பா." எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும், யானை பொம்மை நின்றிருக்கும்.

அடுத்த மாதம் நீ இல்லை.

அதுவும் ஒரு ஞாயிறுதான். காலையில் உன் நம்பரிலிருந்து அம்மா பேசினார். "கண்ணு, இவன் நெஞ்சு வலிக்குதுன்றான். வேர்த்துக் கொட்டுது. லிப்டு ஓடல. நீ வர்றியா?" ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டு, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ தினமும் போய் வந்த தூரம். ஸ்ட்ரெச்சர் உங்கள் மாடிப்படியில் திரும்பவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்ஷீட்டில் வைத்து எட்டு மாடியும் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். நான் ஓ.எம்.ஆர். சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிற்று. யாரோ பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி உன்னிடமிருந்து விலகிப் போனேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் அம்மா நம்பவில்லை. "என்னடி உளர்றே? முந்தாநேத்திக்குக்கூட நம்மாத்து வாசல்ல நின்னுண்டு அப்பாவோட பேசிண்டிருந்தானே!" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டார். ஏன் போட்டார் என்று தெரியவில்லை, அப்போது நல்ல வெளிச்சம்.

நீ போன பிறகு திறப்பு விழா நடந்தது. அழைப்பு வந்தது, நான் போகவில்லை. சில மாதங்களில் அங்கே நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்லி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்குப் போனேன். அடையாற்றில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தள ஹால். பாம்பு வருகிறது, கொசு வருகிறது என்றார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. பிறகு என் வயதுள்ள ஒரு பெண் எழுந்து நின்றார். "சாயங்காலம் தனியா நடக்கறேன். அந்தச் செடிக்குப் பின்னாடி யார் நிக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பாதை ஓரத்தில் முழங்கால் உயரம்தான் வைத்தோம், நீங்கள் பாதையிலிருந்து பத்தடி வரை பார்க்கலாம் என்று வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல தெரியுது மேடம். அங்க தெரியல," என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆட்கள் பராமரிக்காமல் விட்டதில் ஓரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. கூடு கட்டுகிற பருவம் முடியும் வரையாவது வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் காபி கொடுத்தார். அவ்வளவு நல்லவர்களிடம் யாரால் சண்டை போட முடியும்?

இன்று காலை பார்த்ததை மத்தியானம் உன் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. "நம்ம வெச்ச செடியெல்லாம் வெட்டுறாங்கம்மா," என்றேன். 'நம்ம' என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ரோட்லருந்து பார்த்தா தெரியுமா கண்ணு?"

"தெரியும்மா."

"செரி."

அழுகிறாரா, ஆறுதல் அடைகிறாரா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. வரும் ஞாயிறு காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட் திறந்துதான் இருக்கிறது, யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே போய் எதைக் காட்டுவேன்? நீ விட்டுவைத்த வெட்டவெளி எது, அவர்கள் வெட்டியதால் வந்த வெட்டவெளி எது என்று இனி எனக்கே அடையாளம் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்ல முடியும். அதே நிறுவனம் ஆற்றின் அடுத்த பகுதிக்கும் நடவுத் திட்டம் கேட்டிருக்கிறது. நம்முடைய பழைய வேலை அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். வரைபடம் வந்து சில நாட்களாகிறது. இந்த முறை அதில் காலி நிலம் என்று போடவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள் இருக்கின்றன, பக்கத்தில் 'அகற்றப்பட உள்ளவை' என்று எழுதியிருக்கிறது. முடியாது என்று எழுத உட்கார்ந்தால், அரளி வைப்பான், புல் போடுவான் என்கிற உன் குரல் கேட்கிறது. சரி என்று எழுத உட்கார்ந்தால், எடுத்திருக்கவே கூடாது என்கிற உன் குரல் கேட்கிறது. இரண்டும் நீ சொன்னதுதான். எதை வைத்துக்கொள்வது என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்று அந்தப் புது வரைபடத்தில் இருக்கிற இடத்துக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயது இருக்கும்.

"இன்னாம்மா அளக்குறீங்க?"

"அளக்கலைங்க. சும்மா பார்க்க வந்தேன்."

"கையில பேப்பரு கீது?"

"செடி வைக்கிறதுக்கு."

அவள் சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். குடங்கள், ஒரு சைக்கிள், காயப்போட்ட துணி, வீட்டுக்கு வீடு ஒட்டிய சுவர்.

"செடி வெக்க இங்க எங்கம்மா எடம்?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எடுக்கப் போறாங்களா?"

"இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

"எப்ப?"

"தெரியலைங்க. நிஜமாவே தெரியல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரொம்ப வருசமா சொல்லிக்கினுதான் கீறாங்க," என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. பிறகு வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்த குடத்தை நகர்த்தி, சுவரோரம் ஒரு சாண் மண்ணைக் காட்டினாள். "இந்த எடம் சும்மாதான் கீது. பூச்செடி ஏதாவது இருந்தா ஒண்ணு குடும்மா."

"இட்லிப்பூ வரும்," என்றேன்.

"அதுக்குள்ள பூக்குமா?"

எந்தச் செடி எந்த மண்ணில் எத்தனை மாதத்தில் பூக்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பூக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்றுப் பண்ணையில் நாம் எப்போதும் பூவில்லாத சின்னக் கன்றாகத்தான் பொறுக்குவோம், ஞாபகம் இருக்கிறதா? பூத்த கன்று பையிலேயே பலத்தைத் தீர்த்துவிடும், சின்னதுதான் மண்ணில் வேர் ஊன்றி வெகுகாலம் நிற்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துவோம். இன்று சாயங்காலம் போய், கொத்துக் கொத்தாக மொட்டு விட்டிருக்கிற ஒரு கன்றாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். கடைக்காரருக்கு ஆச்சரியம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்து, மொட்டு எதுவும் உதிர்ந்துவிடாமல் இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டி வந்தேன். நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.